‘விளக்குக’ என்ற கேள்வியை நிஜ வேலையாக மாற்றுவது எப்படி?

“மாதிரியெடுத்தல் முறைகளை உதாரணங்களுடன் விளக்குக. (10 மதிப்பெண்)”

புள்ளியியல் சொல்லித்தரும் எந்தத் துறையின் பழைய வினாத்தாளைப் புரட்டினாலும் இந்தக் கேள்வி ஏதாவதொரு வடிவில் கண்ணில் படும். (எல்லோரிடமும் கேட்காமல், சிலரைத் தேர்ந்தெடுத்துக் கேட்டு எல்லோரையும் பற்றி முடிவுக்கு வருவதுதான் மாதிரியெடுத்தல்.) நன்றாகப் படிக்கிற மாணவர் முறைகளை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் நோட்ஸில் இருந்த அதே உதாரணத்தைப் போட்டு, 9 மதிப்பெண் வாங்கிவிடுவார். அதே மாணவரிடம் ஒரு கருத்துக்கணிப்பின் முடிவைக் கொடுத்து, “இதை நம்பலாமா?” என்று கேட்டுப் பாருங்கள். சதவீதத்தைப் பார்ப்பார். யாரிடம் கேட்டார்கள், எப்போது கேட்டார்கள் என்று பார்க்கத் தோன்றாது. அப்படியானால் அந்த 9 மதிப்பெண்ணை எதற்காகப் போட்டோம்?

இந்த ஓட்டையை அடைக்கத்தான் நிஜச்சூழல் மதிப்பீடு என்று ஒரு முறை இருக்கிறது. பாடத்தைப் பற்றி எழுதச் சொல்வதற்குப் பதில், அந்தப் பாடம் தெரிந்தவர்கள் வேலையில் என்ன செய்வார்களோ அதைச் செய்யச் சொல்லி மதிப்பெண் போடுவது. இந்தக் கருத்தைக் கல்வி வட்டாரத்தில் பரவலாகப் பேசவைத்தவர் அமெரிக்கரான கிராண்ட் விகின்ஸ். 1989-இல் அவர் எழுதிய கட்டுரைக்குப் பிறகுதான் இந்தப் பெயர் நிலைத்தது. ஆனால் மருத்துவத் துறை அதற்கு முன்பே இந்த வழியில் இறங்கிவிட்டது. 1975-இல் ஸ்காட்லாந்தின் டண்டி நகரில் ரொனால்ட் ஹார்டனும் அவருடைய சகாக்களும் ஒரு புதிய தேர்வு முறையை வெளியிட்டார்கள். மாணவர் வரிசையாகப் பல மேசைகளுக்குப் போகவேண்டும். ஒன்றில் நோயாளியிடம் பேசி விவரம் கேட்கவேண்டும், அடுத்ததில் ஒரு பரிசோதனை செய்து காட்டவேண்டும். மணி அடித்ததும் அடுத்த மேசை. இன்று உலகெங்கும் மருத்துவ மாணவர்கள் எழுதும் ‘ஆஸ்கி’ (OSCE) தேர்வு அதுதான்.

மற்ற துறைகளில் இருக்கிற நமக்கு நோயாளியும் தேவையில்லை, மேசை வரிசையும் தேவையில்லை. மேலே உள்ள அந்தப் பத்து மதிப்பெண் கேள்வியையே எடுத்துக்கொண்டு, படிப்படியாக ஒரு நிஜப் பணியாக மாற்றிப் பார்ப்போம். உங்கள் பாடம் எதுவானாலும் கூடவே உங்கள் கேள்வி ஒன்றையும் மாற்றிக்கொண்டே வாருங்கள். வெறுமனே படித்துக்கொண்டு போனால் இது கைக்கு வராது.

தொடங்கும் முன் ஒரு சோதனை

புதிதாக இதில் இறங்குகிறவர்கள் முதலில் எழுதுவது பெரும்பாலும் இப்படி இருக்கும்: “நீங்கள் ஒரு பெரிய நிறுவனத்தின் புள்ளியியல் ஆலோசகர். நிறுவனத்தின் மேலாளருக்கு மாதிரியெடுத்தல் முறைகளை விளக்குக.”

முதல் வாக்கியத்தை விரலால் மறைத்துவிட்டுப் படியுங்கள். மாணவர் எழுதப்போகும் விடையில் ஏதாவது மாறுகிறதா? ஒன்றும் மாறாது. அதே நான்கு முறைகள், அதே நோட்ஸ் உதாரணங்கள். ஆலோசகர், நிறுவனம், மேலாளர் எல்லாம் வெறும் ஒப்பனை. கதையை எடுத்துவிட்டால் விடை மாறவேண்டும். மாறாவிட்டால் அது பழைய கேள்விதான். எந்தப் பணியை வடிவமைத்தாலும் இந்த விரல் சோதனையை ஒருமுறை செய்துவிடுங்கள்.

விடையை மாற்றுவது எது? யாரோ ஒருவர் அந்த விடையைப் படித்து ஒரு முடிவெடுக்கப்போகிறார் என்பதுதான். படிப்பவர் யார், அவர் கையில் என்ன முடிவு இருக்கிறது, தப்பானால் என்ன கெடும் என்ற மூன்றும் தெளிவாகிவிட்டால் மாணவர் எதைச் சொல்லவேண்டும், எதை விடவேண்டும் என்று தானாகவே யோசிக்கத் தொடங்குவார். கீழே வரும் படிகள் எல்லாமே இந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான் ஓடும்.

படி 1: மாணவர் என்ன செய்யவேண்டும் என்று ஒரே வரியில் எழுதுங்கள்

பாடத்திட்டத்தில் கற்றல் விளைவு என்று ஒரு வரி இருக்கும். “மாணவர்கள் மாதிரியெடுத்தல் முறைகளைப் புரிந்துகொள்வர்” என்பது போல. புரிந்துகொள்வதைக் கண்ணால் பார்க்க முடியாது. பார்க்கக்கூடிய செயலாக மாற்றுங்கள். நம் உதாரணத்துக்கு நான் எழுதுவது இது:

“ஒரு கணிப்பின் தரவை எந்த அளவு நம்பலாம் என்று எடைபோட்டு, அதை வைத்து முடிவெடுக்கப்போகிறவருக்குப் புரியும்படி சொல்லமுடியும்.”

இதில் இரண்டு செயல்கள் இருக்கின்றன: எடைபோடுவது, புரியும்படி சொல்வது. இரண்டுக்கும் மதிப்பெண் இருக்கும், இரண்டையும் வகுப்பில் பழக்கியும் இருக்கவேண்டும். விளைவு, கற்பித்தல், மதிப்பீடு ஆகிய மூன்றும் ஒரே நேர்கோட்டில் நிற்கவேண்டும் என்று கல்வி ஆய்வாளர் ஜான் பிக்ஸ் 1996-இல் வலியுறுத்தினார். கேட்பதற்குச் சாதாரணமாகத் தெரியும். ஆனால் வகுப்பில் வரையறைகளை மட்டும் சொல்லித்தந்துவிட்டு, தேர்வில் திடீரென்று ‘எடைபோடு’ என்றால் மாணவர்கள் திணறுவார்கள். அந்தத் திணறலுக்குக் காரணம் அவர்களிடம் இல்லை.

படி 2: இதை வேலையாகச் செய்கிறவர் யார்?

இப்போது ஒரு ஆளைத் தேடுங்கள். நீங்கள் எழுதிய அந்த ஒற்றை வரியை யார் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்கிறார்? அவர் எழுதுவதை யார் படிக்கிறார்? என்ன வடிவத்தில் எழுதுகிறார்?

சட்டம் படிப்பவர்களுக்கு இது எளிது: கட்சிக்காரருக்கு எழுதும் கருத்துக் கடிதம். செவிலியர் படிப்புக்கு, ஷிஃப்ட் மாறும்போது அடுத்தவரிடம் நோயாளியை ஒப்படைக்கும் குறிப்பு. கணினித் துறையில், வேறொருவர் எழுதிய நிரலைப் படித்துக் குறை சொல்லும் ரிவ்யூ. புதிதாக எழுதுவதைவிட இது கடினம், வேலையில் அன்றாடம் நடப்பதும் இதுதான். வரலாற்றுத் துறையினர் “எங்களுக்கு இதெல்லாம் பொருந்தாது” என்பார்கள். அருங்காட்சியகத்தில் ஒரு பொருளுக்குப் பக்கத்தில் வைக்கும் எண்பது சொல் விளக்க அட்டையை எழுதச் சொல்லிப் பாருங்கள். எதை விடுவது, சான்று முரண்படும் இடத்தில் எந்தச் சொல்லைப் போடுவது என்று மாணவர் படும் பாட்டில் அவருக்கு வரலாறு எவ்வளவு தெரியும் என்பது முழுதாகத் தெரிந்துவிடும்.

உங்கள் துறைக்கு என்ன வடிவம் என்று தெரியவில்லையென்றால், உங்களிடம் படித்து இப்போது வேலையில் இருக்கும் ஒருவரிடம், “போன வாரம் நீ எழுதியதில் யாருக்காவது அனுப்பியது என்ன?” என்று கேளுங்கள். பதில் பெரும்பாலும் ஒன்றிரண்டு பக்கக் குறிப்பாகவோ, மின்னஞ்சலாகவோ, ஒரு அட்டவணையாகவோதான் இருக்கும். நாற்பது பக்கப் பிராஜெக்ட் ரிப்போர்ட்டை வெளியே யாரும் யாரிடமும் அவ்வளவாகக் கேட்பதில்லை.

நம் உதாரணத்துக்கு நான் பல்கலைக்கழக நூலகத்தை எடுத்துக்கொள்கிறேன். எல்லா மாணவர்களுக்கும் தெரிந்த இடம், பின்னணியை விளக்கிக்கொண்டிருக்கத் தேவையில்லை. இரவு 9 மணிக்கு மூடும் நூலகத்தை நள்ளிரவு வரை திறந்து வைக்கலாமா என்று நூலகர் முடிவெடுக்கவேண்டும். அவருக்கு இரண்டு பக்கக் குறிப்பு ஒன்று வேண்டும்.

படி 3: கோப்பைத் தயார் செய்யுங்கள்

இதற்குத்தான் அதிக நேரம் பிடிக்கும். பிடிக்கட்டும். பணியின் உயிர் கேள்வியில் இல்லை, கூடவே கொடுக்கும் கோப்பில் இருக்கிறது.

பாடநூல் கணக்குகளில் தேவையான எண்கள் மட்டும் இருக்கும், எல்லாம் இருக்கும், எல்லாம் சரியாகவும் இருக்கும். வேலையில் கையில் வருவது அப்படி வராது. தேவையில்லாதது கலந்திருக்கும், தேவையானது ஒன்று விடுபட்டிருக்கும், ஒன்றுக்கொன்று ஒட்டாமல் இருக்கும். அந்த அழுக்கைக் கொஞ்சம் கோப்புக்குள் நாமே வைக்கவேண்டும். நம் நூலகக் கோப்பில் நான் வைப்பவை:

முதலில், நூலகரிடமிருந்து ஒரு மின்னஞ்சல். “கணிப்பில் 70 சதவீதம் பேர் ஆதரிக்கிறார்கள், இதை வைத்து நிர்வாகத்திடம் அனுமதி கேட்டுவிடலாம் என்று இருக்கிறேன். நள்ளிரவு வரை திறந்தால் ஒவ்வொரு இரவும் கூடுதலாக இரண்டு பணியாளர்கள் வேண்டும். உங்கள் கருத்து என்ன?”

அடுத்து, கணிப்பின் படிவமும் முடிவும். 240 பேர் பதில் சொல்லியிருக்கிறார்கள், 168 பேர் ஆம். கேள்வி இப்படி இருக்கிறது: “மாணவர்களின் நலன் கருதி நூலகத்தை நள்ளிரவு வரை திறந்து வைக்கவேண்டும் என்று கருதுகிறீர்களா?” படிவத்தின் அடியில் சின்ன எழுத்தில், கணிப்பு நடந்த தேதிகளும், நூலக வாசலில் பிற்பகலில் எடுத்தது என்ற தகவலும்.

மூன்றாவது, வாசல் பதிவேட்டிலிருந்து ஒரு செமஸ்டர் முழுவதற்குமான அட்டவணை: இரவு 8 மணிக்கு உள்ளே எத்தனை பேர் இருந்தார்கள் என்று வாரவாரியாக. சாதாரண வாரங்களில் 40 பேர் அளவில். தேர்வுக்கு முந்தைய வாரத்திலும் தேர்வு வாரங்களிலும் 190 பேர் அளவில்.

கடைசியாக, பார்க்க அழகான ஒரு வண்ண வரைபடம். செங்குத்து அச்சு சுழியத்தில் தொடங்காமல் 50 சதவீதத்தில் தொடங்கும், அதனால் ஆதரவு இருப்பதைவிடப் பெரிதாகத் தெரியும்.

இப்போது என்ன நடக்கிறது பாருங்கள். மேலோட்டமாகப் படிப்பவர் 70 சதவீதத்தைப் பிடித்துக்கொள்வார். கொஞ்சம் கவனிப்பவர், நூலகத்துக்கு ஏற்கெனவே வருகிறவர்களிடம் மட்டும் கேட்டிருக்கிறார்கள் என்று சொல்வார். ‘நலன் கருதி’ என்ற சொல்லே பதிலை ஒரு பக்கம் தள்ளுகிறது என்பதை இன்னும் சிலர் கண்டுபிடிப்பார்கள். உண்மையில் வேலை தெரிந்தவர் படிவத்தின் தேதியை எடுத்துப் பதிவேட்டோடு ஒத்துப்பார்ப்பார்: கணிப்பு நடந்ததே தேர்வுக்கு முந்தைய வாரத்தில்! எல்லோரும் பதற்றத்தில் இருக்கும் நேரத்தில் கேட்ட கேள்வியை வைத்து வருடம் முழுக்கப் பணியாளர்களைப் போடலாமா? தேர்வுக் காலத்தில் மட்டும் திறந்தால் போதாதா? மாதிரியெடுத்தல் என்ற பாடம் முழுவதும் இந்த நான்கு தாள்களுக்குள் அடங்கிவிட்டது. ‘அடுக்குமுறை மாதிரி’ (ஆட்களைக் குழுக்களாகப் பிரித்து ஒவ்வொரு குழுவிலிருந்தும் சிலரை எடுப்பது) போன்ற பாடநூல் சொல்லை நாம் எங்குமே உச்சரிக்கவில்லை.

கோப்பு தயாரிக்கும்போது இரண்டு எச்சரிக்கைகள். அரை மணி நேரத்தில் படித்து முடிக்கும் அளவுக்கு மேல் போகவேண்டாம். தேடிக் களைப்பது திறமையாகாது. அடுத்தது, உண்மையான ஆட்களின் தரவைப் பயன்படுத்தினால் பெயர், எண், அடையாளம் காட்டும் எதையும் நீக்கிவிடுங்கள். நாமே உருவாக்கிய தரவென்றால் அதை மாணவர்களிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடலாம். கற்பனைத் தரவு என்பதால் பணியின் நிஜத்தன்மை குறைந்துவிடாது. ஆஸ்கி தேர்விலும் பல மேசைகளில் நோயாளியாக உட்கார்ந்திருப்பவர் பயிற்சி பெற்ற நடிகர்தான்.

படி 4: எல்லை போடுங்கள்

இரண்டு பக்கம், 600 சொற்களுக்கு மேல் கூடாது. புதிய கணிப்பு வேண்டும் என்று பரிந்துரைத்தால், அதற்கு இரண்டு வாரமும் இரண்டு உதவியாளர்களும்தான் கிடைப்பார்கள்.

இந்த இரண்டாவது வரி இல்லாவிட்டால், “பல்கலைக்கழக மாணவர் அனைவரிடமும் கேட்கவேண்டும்” என்று எழுதிவிட்டு எல்லோரும் தப்பித்துவிடுவார்கள். எல்லை இருந்தால்தான், இருக்கிற ஆட்களை வைத்துக்கொண்டு யாரைக் கேட்பது, யாரை விடுவது என்று தேர்ந்தெடுக்கவேண்டி வரும். தேர்ந்தெடுப்பதற்குத்தான் நாம் மதிப்பெண் போடப்போகிறோம்.

படி 5: பணித்தாளை எழுதுங்கள்

கோப்பும் எல்லையும் தயாராகிவிட்டால் கேள்வி சின்னதாகிவிடும். முழுத் தாளும் இவ்வளவுதான்:

“நூலகர் உங்களிடம் அனுப்பியிருக்கும் கோப்பைப் படியுங்கள். அடுத்த வாரம் அவர் நிர்வாகத்தைச் சந்திக்கிறார். அவருக்குப் புள்ளியியல் தெரியாது. கணிப்பை அவர் எந்த அளவு நம்பலாம், இப்போது என்ன செய்யலாம், மீண்டும் கணிப்பு எடுப்பதாக இருந்தால் எப்படி எடுக்கவேண்டும் என்று 600 சொற்களுக்குள் ஒரு குறிப்பு எழுதுங்கள். நேரத்தை நீட்டிக்கவேண்டும் என்று நீங்கள் சொன்னாலும், வேண்டாம் என்று சொன்னாலும், வேறு வழி சொன்னாலும் மதிப்பெண்ணில் வேறுபாடு இல்லை. நீங்கள் காட்டும் காரணத்துக்கே மதிப்பெண்.”

கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். ஆசிரியர் மனதில் ஒரு ‘சரியான விடை’ இருக்கிறது என்று நினைத்தே நம் மாணவர்கள் வளர்ந்திருக்கிறார்கள். அதைக் கண்டுபிடிக்கிற முயற்சியிலேயே பாதி நேரம் போய்விடும்.

“அவருக்குப் புள்ளியியல் தெரியாது” என்ற வரியும் சும்மா போட்டதில்லை. படிப்பவர் ஆசிரியர் என்றால் மாணவர் கலைச்சொற்களை அடுக்குவார், நாமும் அவற்றைத் தேடித்தேடி டிக் போடுவோம். படிப்பவருக்குக் கலைச்சொல் தெரியாது என்றால், விஷயம் புரிந்தவர் மட்டும்தான் எளிமையாகச் சொல்லமுடியும்.

படி 6: மதிப்பெண் அட்டவணை

ரூப்ரிக் என்று சொல்கிறோமே, அதுதான். பணித்தாளை மாணவர்களிடம் கொடுக்கும் முன்பே இது எழுதியாகியிருக்கவேண்டும். விடைகள் வந்தபிறகு எழுதினால், முதலில் திருத்திய பத்து விடைகளைப் பார்த்து நம் அளவுகோல் நகர்ந்துவிடும்.

நம் பணிக்கு நான்கு வரிசைகள் போதும். தரவின் குறையைக் காண்பது 40, பரிந்துரையும் காரணமும் 30, புதிய கணிப்புத் திட்டம் 20, வாசகருக்கேற்ற எழுத்து 10. பத்துப் பன்னிரண்டு வரிசைகள் வைத்தால் துல்லியம் கூடும் என்று தோன்றும். நடைமுறையில் ஒவ்வொன்றிலும் நடு மதிப்பெண்ணைப் போட்டுக்கொண்டே போவோம், எல்லோரும் 60-க்கும் 70-க்கும் இடையில் வந்து நிற்பார்கள்.

பெரும்பாலான அட்டவணைகள் கெடுவது ‘மிக நன்று, நன்று, சுமார்’ என்ற அடைமொழிகளால். ‘சிறந்த பகுப்பாய்வு’ என்றால் எது சிறந்தது? இரண்டு ஆசிரியர்கள் இரண்டு விதமாகப் புரிந்துகொள்வார்கள். விடைத்தாளில் கண்ணுக்குத் தெரிவதை எழுதுங்கள். முதல் வரிசையை இப்படி எழுதலாம்:

40: குறையைச் சொல்கிறார், அது முடிவை எந்தப் பக்கம் இழுக்கிறது என்று சொல்கிறார், கோப்பில் உள்ள வேறொரு சான்றோடு (எ.கா. பதிவேடு) பொருத்திக் காட்டுகிறார்.

30: குறையையும் அது இழுக்கும் திசையையும் சொல்கிறார், சான்றோடு பொருத்தவில்லை.

20: “மாதிரி ஒருதலைப்பட்சமானது” என்று பொதுவாகச் சொல்லி நிறுத்துகிறார்.

10: பொருந்தாத குறையை மட்டும் சொல்கிறார், எ.கா. “240 பேர் போதாது.”

அந்தக் கடைசி வரி எதற்கு என்று கேட்கலாம். எந்தக் கணிப்பைக் காட்டினாலும் “மாதிரி அளவு சிறியது” என்பது மாணவர்களின் கைவசமுள்ள பதில். 240 பேரைக் குலுக்கல் முறையில் எடுத்திருந்தால் பிழை வரம்பு (கணிப்பின் முடிவு உண்மையிலிருந்து விலகக்கூடிய அளவு) கூட்டியும் குறைத்தும் ஏறக்குறைய 6 சதவீதப் புள்ளிகள்தான். நூலகர் முடிவெடுக்க அது தாராளமாகப் போதும். சிக்கல் எண்ணிக்கையில் இல்லை, ஆட்களைப் பிடித்த விதத்தில் இருக்கிறது. உங்கள் துறையிலும் இப்படி மனப்பாடமாக வந்து விழும் பதில் ஒன்று இருக்கும். அது அட்டவணையில் எந்தப் படியில் நிற்கும் என்று முன்கூட்டியே முடிவுசெய்துவிடுங்கள்.

இன்னொன்று. எதை அளக்க நினைத்தோமோ அதைத் தவிர வேறெதற்கும் மதிப்பெண் கசியக்கூடாது. அட்டைப்படம், வண்ணப் படங்கள், பைண்டிங் எல்லாம் புள்ளியியல் அறிவில் சேராது. “வெளியே ஒரு நிறுவனத்துக்குப் போய்த் தகவல் வாங்கி வா” என்பதும் இந்த வகைதான். சொந்தக்காரர் அங்கே மேலாளராக இருக்கும் மாணவருக்குக் கதவு திறக்கும், மற்றவர் வாசலில் காவலாளியிடம் கெஞ்சிக்கொண்டு நிற்பார். நிஜ உலகம் என்ற பெயரில் செல்வாக்குக்கு மதிப்பெண் போட்டுவிடுவோம். கோப்பை நாமே தயாரித்து எல்லோருக்கும் ஒன்றாகக் கொடுப்பதில் இந்த நியாயமும் அடங்கியிருக்கிறது.

அட்டவணையைக் கொடுத்தால் மட்டும் மாணவர்களுக்குத் தரம் புரிந்துவிடாது. நல்ல வேலை எப்படி இருக்கும் என்று மாணவருக்கே தெரிந்தால்தான் தன் வேலையைத் திருத்திக்கொள்ள முடியும் என்று கல்வி ஆய்வாளர் ராய்ஸ் சாட்லர் 1989-இல் எழுதினார். அதற்கு ஒரு வகுப்பு நேரம் ஒதுக்குங்கள். வேறொரு தலைப்பில் ஒரு நல்ல குறிப்பும் ஒரு சுமாரான குறிப்பும் நீங்களே எழுதி எடுத்துப்போய், அட்டவணையைக் கையில் கொடுத்து, மாணவர்களையே மதிப்பெண் போடச் சொல்லுங்கள். முதல் ஐந்து நிமிடம் சுமாரானதற்கே அதிக மதிப்பெண் விழும், அதில் கலைச்சொற்கள் அதிகம் என்பதால். அங்கே தொடங்கும் வாக்குவாதம் நம்முடைய பல விரிவுரைகளைவிட அதிகம் சொல்லித்தரும்.

படி 7: நீங்களே ஒருமுறை செய்யுங்கள்

கடிகாரத்தை வைத்துக்கொண்டு, அந்தக் குறிப்பை நீங்களே எழுதிப் பாருங்கள். உங்களுக்கு ஒரு மணி நேரம் ஆனால் மாணவருக்கு மூன்று மடங்காவது ஆகும் என்று கணக்கில் கொள்ளுங்கள். எழுதும்போதுதான் கோப்பில் ஒரு தேதி விடுபட்டது தெரியும், 600 சொல் போதாது என்பது தெரியும். பிறகு வேறு துறை நண்பர் ஒருவரிடம் பணித்தாளை மட்டும் கொடுத்து, “உன்னை என்ன செய்யச் சொல்கிறது?” என்று கேளுங்கள். அவர் சொல்வதும் நீங்கள் நினைத்ததும் ஒன்றாக இருந்தால் கொடுத்துவிடலாம்.

படி 8: திருத்துவதற்கு ஏற்பாடு

200 பேர் வகுப்பில் ஒரு குறிப்புக்கு 15 நிமிடம் என்றால் 50 மணி நேரம். “நல்ல யோசனை, ஆனால் நேரமில்லை” என்று பலர் பின்வாங்கும் இடம் இது. அந்தத் தயக்கம் நியாயமானது, அதனால் நேரத்தைக் குறைக்கும் வழியைச் சேர்த்தே யோசிக்கவேண்டும். 600 சொல்லை 250 ஆக்கலாம். நம் பணி அதற்குத் தாங்கும். முதல் வரைவுக்கு நீங்கள் கருத்துச் சொல்லாமல், மாணவர்களே ஒருவருக்கொருவர் அட்டவணையை வைத்துக் கருத்துச் சொல்லலாம். எல்லோருக்கும் பொதுவான குறைகளைத் தனித்தனியே எழுதாமல் எண் போட்டுப் பட்டியலாக்கி, விடைத்தாளில் எண்ணை மட்டும் குறிக்கலாம்.

உங்களோடு வேறொருவரும் திருத்துகிறார் என்றால், முதலில் ஐந்து விடைகளை இருவரும் தனித்தனியே திருத்தி, பிறகு உட்கார்ந்து ஒப்பிடுங்கள். 10 மதிப்பெண்ணுக்கு மேல் வேறுபடும் இடத்தில் யார் சரி என்று பேசுவதைவிட, அட்டவணையின் எந்தச் சொல் இருவருக்கும் வேறு வேறாகப் பொருள்பட்டது என்று பாருங்கள். அந்தச் சொல்லை மாற்றிவிட்டுத் தொடருங்கள்.

செயற்கை நுண்ணறிவு இருக்கிறதே?

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்ததிலிருந்து இந்த விஷயத்தைப் பேசினால் இரண்டாவது கேள்வியே இதுதான். நிஜச்சூழல் பணி கொடுத்துவிட்டால் எந்திரத்தால் எழுதமுடியாது என்று சிலர் நம்பிக்கையோடு சொல்கிறார்கள். எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. நம் நூலகக் கோப்பை அப்படியே உள்ளே போட்டால் பார்வைக்கு நன்றாகவே ஒரு குறிப்பு வந்து விழும்.

கண்டுபிடிக்கும் மென்பொருளை நம்பித் தண்டிப்பதும் சரிவராது. சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐ நிறுவனமே தன்னுடைய கண்டறியும் கருவியைத் துல்லியம் குறைவு என்று சொல்லி 2023 ஜூலையில் விலக்கிக்கொண்டது.

பயன் தருவது பழைய வழிதான்: நேரில் பேசுவது. குறிப்பைக் கொடுத்தபின் ஒவ்வொருவரிடமும் ஐந்து நிமிட வைவா. எழுதியதையே திருப்பிச் சொல்லச் சொல்லாதீர்கள். நூலகர் கேட்கக்கூடியதைக் கேளுங்கள்: “உதவியாளர் ஒருவர்தான் கிடைப்பார் என்றால் உங்கள் திட்டத்தில் எதை வெட்டுவீர்கள்?” தானே யோசித்தவர் தடுமாறினாலும் பதில் சொல்லிவிடுவார். யோசிக்காதவர் குறிப்பின் முதல் பத்தியையே மறுபடி படிப்பார். பெரிய வகுப்பில் எல்லோரையும் கேட்கமுடியாவிட்டால், யாரை வேண்டுமானாலும் அழைக்கலாம் என்று முன்பே அறிவித்துவிட்டுச் சிலரை அழைக்கலாம். ஆனால் அப்படி அழைப்பதைச் சந்தேகத்தின் அடையாளமாக ஆக்கிவிடக்கூடாது, குலுக்கல் முறையில் எடுங்கள். (மாதிரியெடுத்தல் பாடத்துக்கு அதுவே ஒரு செய்முறை விளக்கம்.)

எங்கே இது வேண்டாம்

எல்லாத் தேர்வையும் இப்படி மாற்றிவிட வேண்டியதில்லை. மருந்தின் அளவைக் கணக்கிடுவது, அடிப்படைச் சூத்திரங்கள், ஒரு மொழியின் வினைவடிவங்கள் போன்றவை தயங்காமல் கைக்கு வரவேண்டியவை. அவற்றுக்கு அடிக்கடி வைக்கும் சின்னச் சின்னத் தேர்வுதான் பொருத்தம். ஜார்ஜ் மில்லர் 1990-இல் மருத்துவக் கல்விக்காக ஒரு பிரமிடு வரைந்தார். அடியில் ‘தெரியும்’, அதன்மேல் ‘எப்படி என்று தெரியும்’, பிறகு ‘செய்து காட்டுவார்’, உச்சியில் ‘வேலையில் செய்கிறார்’. உச்சியை மட்டும் அளந்துவிட்டு அடித்தளத்தை விட்டுவிட்டால், மாணவர் எங்கே சறுக்கினார் என்றே நமக்குத் தெரியாது.

ஒரே ஒரு பெரிய பணியில் மொத்த மதிப்பெண்ணையும் ஏற்றுவதும் ஆபத்து. மருத்துவத் தேர்வுகளில் வெகுகாலமாகக் கண்டறிந்த விஷயம் இது: ஒரு நோயாளியிடம் நன்றாகச் செய்த மாணவர் அடுத்த நோயாளியிடமும் நன்றாகச் செய்வார் என்று சொல்லமுடியாது. ஆஸ்கியில் அத்தனை மேசைகள் இருப்பது அதனால்தான். நூலகக் கணிப்பைச் சரியாகப் பிரித்துப் பார்த்தவர், ஒரு மருந்துச் சோதனையின் தரவில் கோட்டைவிடலாம். ஆகவே செமஸ்டருக்கு ஒரு நாற்பது மதிப்பெண் பணியைவிட, வெவ்வேறு சூழலில் அமைந்த இரண்டு மூன்று சிறிய பணிகள் மேல்.

முதல்முறை செய்கிறவர்கள் ஒரே ஒரு கேள்வியோடு தொடங்குங்கள், 10 மதிப்பெண் போதும். திருத்தி முடித்ததும் அட்டவணையின் நான்கு வரிசைகளுக்கும் வகுப்புச் சராசரியைத் தனித்தனியே எடுத்துப் பாருங்கள். எந்த வரிசையில் ஏறக்குறைய எல்லோரும் விழுந்திருக்கிறார்களோ, அதை வகுப்பில் பழக்கவில்லை என்று பொருள். அடுத்த செமஸ்டர் பாடத் திட்டத்தில் அதற்கு ஒரு வகுப்பைச் சேருங்கள். பணித்தாளையும் அட்டவணையையும் பத்திரமாக வைத்திருங்கள். மறுமுறை நூலகத்தை எடுத்துவிட்டு விளையாட்டுத் திடலின் நேரத்தையோ விடுதிப் பேருந்தின் தடத்தையோ வைத்தால், மாற்றவேண்டியது கோப்பு மட்டும்தான். ஆனால் தரவின் குறையை அதே இடத்தில் ஒளித்துவைக்காதீர்கள். “தேதியைப் பார், பதிவேட்டோடு ஒப்பிடு” என்ற செய்தி சீனியர்களிடமிருந்து அதற்குள் ஜூனியர்களுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்.